டிவி ஆப்களின் ஒலி மட்டும் ரிசீவருக்கு வரவில்லை

கேள்வி: புளூரே பிளேயரையும் செட்டாப் பாக்ஸையும், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் இணைத்து, அதன் எச்டிஎம்ஐ அவுட்புட்டிலிருந்து டிவிக்கு ஒரு கேபிள் கொடுத்திருக்கிறேன். இரண்டும் நன்றாக ஒலிக்கின்றன. டிவியிலேயே உள்ள யூடியூபின் ஒலி மட்டும் ஸ்பீக்கர்களுக்கு வருவதில்லை. ஆப்டிகல் கேபிள் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. அந்தக் கேபிளின் மறுமுனை, டிவியின் பின்புறம் 'ஏஆர்சி' (டிவியின் ஒலியை அதே கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) என்று அச்சிட்டிருக்கும் போர்ட்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மற்ற போர்ட்களில் படம் வரும், ஆனால் ஒலி திரும்பிச் செல்லாது. பிறகு இரு கருவிகளின் மெனுவிலும் சிஇசி (எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி), ஏஆர்சி இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

மற்றொரு பதில்: டிவியின் டிஜிட்டல் ஒலி அமைப்பு 'பிசிஎம்' (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்றிருந்தால், ஏஆர்சி வழியே ஸ்டீரியோ மட்டுமே கிடைக்கும் என்பதால், 5.1 (ஆறு சேனல்) ஒலி உள்ள படங்களுக்கு அதைப் 'பாஸ்த்ரூ' (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என மாற்றுவது அவசியம். புளூரே வட்டுகளில் வரும் தரம் குறையாத ஒலி வடிவமான டால்பி ட்ரூஎச்டிக்கு, ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி வேண்டும் என்பார்கள். பிளேயரை நேரே ரிசீவரில் இணைத்திருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கேட்டவர்: கேபிள் வேறு போர்ட்டில்தான் இருந்தது. மாற்றியதும் ஒலி வந்துவிட்டது, மிக்க நன்றி.