இலங்கை அரசு டிவி ரூபவாஹினி திடீர்னு நின்ன ராத்திரி: ராமேஸ்வரம் கரையில பார்த்தவங்க சொல்லுங்க

பாம்பன்கரை:
2018 அக்டோபர் 26. பிரதமர் ரணிலை நீக்கிட்டு மகிந்தவைப் பிரதமராக்கிட்டதா இலங்கை ஜனாதிபதி சிறிசேன அறிவிச்சாச்சு. ராத்திரியே ரூபவாஹினிக்குள்ள ஆளுங்க புகுந்து ஒளிபரப்பு நின்னுபோச்சு. நம்ம பக்கம் ஆளாளுக்கு மொட்டை மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புனாங்க. தேவையே இல்ல, திரையைப் பார்த்தாலே போதும். பிதுருதலாகலை மலை மேல இருக்குற டிரான்ஸ்மிட்டர் நின்னா வெள்ளைப் புள்ளி பறக்கும், ‘உஸ்’னு இரையும். அன்னைக்குப் புள்ளியும் இல்ல, இரைச்சலும் இல்ல. திரை கறுத்து ஊமையா நின்னுச்சு. அப்ப அலை வருது, கொழும்புலேர்ந்து போற படம்தான் அறுந்திருக்கு. கை வச்சது பிதுருதலாகலையில இல்ல, ஸ்டுடியோவுலேர்ந்து படத்தை வெளிய அனுப்புற மாஸ்டர் கன்ட்ரோல்ல.

மண்டபம் டிவி கடை:
பாதிதான் சரி. உங்க கணக்கு பழைய பிக்சர் டியூப் டிவிக்குத்தான் பொருந்தும். புது டிவி சிக்னல் விழுந்தாலே நீலத்தையோ கறுப்பையோ போட்டுச் சத்தத்தையும் அடைச்சிடும். மெனுவுல அதை அணைச்சிட்டுப் பார்த்தாத்தான் புள்ளியா கறுப்பான்னு சொல்ல முடியும். இன்னொண்ணு, பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம், ராமேஸ்வரத்துலேர்ந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அவ்வளவு உயரத்துலேர்ந்தும் அலை நேரா எட்டுற தூரம் 220 கிலோமீட்டரைத் தாண்டாது. மிச்சத்தைக் கடல் மேல படியிற ஈரக்காத்துதான் வளைச்சுக் கொண்டுவருது. வாடை எழுந்து மழை தொடங்குற அக்டோபர்ல அந்த அடுக்கு கலைஞ்சு கலைஞ்சு சேரும். அன்னைக்குப் படம் போன எல்லா வீட்டுலயும் கொழும்புதான் காரணம்னு அடிச்சுச் சொல்லாதீங்க.

பாம்பன்கரை:
அலை மங்கினா படம் மெல்ல மெல்லக் கரைஞ்சு போகும், முதல்ல கலர் போகும். வெட்டுனாப்ல கறுக்காது.

கீழக்கரை வாசகன்:
ரெண்டு பேரும் ஆன்டெனாவுலயே நிக்கிறீங்க. கன்ட்ரோல் ரூமைப் பிடிக்கிறது ஒரு ராத்திரிக் கூத்து. நிர்வாகம் மாறுறது காகிதத்துல. 1982ஆம் ஆண்டு 6ஆம் இலக்கச் சட்டப்படி ரூபவாஹினியோட பணிப்பாளர் சபையை அமைச்சர்தான் நியமிக்கிறார். அதனால முதல்ல ஊடக அமைச்சு யார் கைக்குப் போகுதுன்னு பாருங்க. அப்புறம் தலைவர், அதுக்கப்புறம் செய்திப் பிரிவு. மெஷினைத் தொடுறவங்க அதே ஆளுங்கதான், அதனாலதான் நின்ன சேனல் சீக்கிரமே ஓடுது. டிசம்பர் 16ல ரணில் திரும்பப் பதவியேத்ததும் அதே காகிதம் மறுபடி புரளுது. தூர்தர்ஷனை நடத்துற நம்ம பிரசார் பாரதியில சட்டத்தோட அமைப்பு வேற. 1990ல சட்டம் வந்தும் 1997 வரைக்கும் தூங்குச்சு. ஆனா வாரியத் தலைவரைத் துணைக் குடியரசுத் தலைவர் தலைமையிலான குழு பரிந்துரைக்கணும். அமைச்சர் ஒத்தையாளா மாத்த முடியாது. நடைமுறையில எவ்வளவு வித்தியாசம்னு கேட்டா, அது தனிச் சண்டை.

தொண்டி நாலாம் தெரு:
2022 ஜூலை 13ல கோட்டாபயவை எதிர்த்த போராட்டக்காரங்க ரூபவாஹினிக்குள்ள புகுந்ததை மறந்துட்டீங்களே! போராட்டக்காரர் ஒருத்தர் நேரலையிலயே உட்கார்ந்து, போராட்டம் முடியிற வரைக்கும் இதைப் பத்தித்தான் காட்டுவோம்னாரு. அதுக்கப்புறம் பொறியாளர்களே ஒளிபரப்பை நிறுத்துனாங்க. முன்னது வெளியாள் நிறுத்துனது, இது உள்ளாள் நிறுத்துனது. நம்ம திரையில ரெண்டும் ஒரே கறுப்பு.

தங்கச்சிமடம் ஏணி:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். சேனல் நிக்குறதுக்குப் பாதிக் காரணம் உப்பு. ஆன்டெனா நடுப்பெட்டியைத் திறங்க. திருகுல பச்சைக் களிம்பு இருந்தா உப்புத்தாளால சுரண்டி, கிரீஸ் தடவி மூடுங்க. கேபிள் நுழையுற இடத்துல கீழ்ப்பக்கம் ஒரு வளைவு விடணும், இல்லைன்னா மழைத்தண்ணி கம்பி வழியா உள்ள இறங்கி, உள்வலை கறுத்துப் போகும். அப்படிக் கறுத்த கேபிளைத் துடைச்சுப் பிரயோஜனமில்ல, வெள்ளையா வர்ற வரைக்கும் வெட்டிட்டுப் புதுசா இணைங்க. இந்த டிவி அலை வர்ற வி.எச்.எஃப். மேல்பட்டை 174லேர்ந்து 230 மெகாஹெர்ட்ஸ். அந்தப் பட்டையோட கீழ்ச்சேனலுக்கு ஆன்டெனா நடுக்குழாய் 80 சென்டிமீட்டர், மேல்சேனலுக்கு 63. ஒரே நீளத்துல ரெண்டையும் பிடிக்கணும்னா ரெண்டுமே அரைகுறைதான். ராமேஸ்வரத்துலேர்ந்து பிதுருதலாகலை தென்கிழக்குலேர்ந்து கொஞ்சம் தெற்கே சாய்ஞ்ச திசை. இலங்கை வடக்குல இருக்குற கொக்காவில் டிவி கோபுரம் நேர்கிழக்கு, 120 கிலோமீட்டர்தான், ஆனா உயரம் 174 மீட்டர், அதுவும் கடல் காத்தை நம்பித்தான் வரும். நம்ம ராமேஸ்வரம் டிவி கோபுரத்தடியில குடியிருக்குறவங்க பூஸ்டரை முழுசா ஏத்தாதீங்க. பக்கத்து அலை முட்டிப் படத்துல கோடு விழும், நீங்க கொழும்பைத் திட்டிக்கிட்டிருப்பீங்க.