இ20 பெட்ரோல் வந்தபின், லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்த கார் 14.5 தான் தருகிறது: எல்லாமே எத்தனால் வேலையா?

ஃபுல்டேங்க்
2013 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 96,000 கி.மீ. ஓடியது. இ10 (10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; இ20 என்றால் 20 சதவீதம்) வரை போடலாம் என்று கையேட்டில் இருக்கிறது. இ10 காலத்தில் லிட்டருக்கு 17 கொடுத்தது, இப்போது 14.5. மாத ஓட்டம் 500 கி.மீ. இவ்வளவு இறக்கமும் எத்தனாலால்தானா? பழைய ரப்பர் பாகங்களில் எதை மாற்றியே ஆகவேண்டும்? சிஎன்ஜி கிட் போடலாமா, இல்லை அந்தப் பணத்தை எலெக்ட்ரிக் காருக்கு எடுத்து வைக்கலாமா?

லேம்டா
சார், முதலில் எத்தனாலின் பங்கைத் தனியாகப் பிரித்துவிடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது, எத்தனாலில் 21 தான். இந்தக் கணக்கில் இ10-க்கு 30.9, இ20-க்கு 29.8. மூன்றரை சதவீதம் குறைவு. ஆக உங்கள் 17, 16.4 ஆகவேண்டும். நிதி ஆயோக் 2021 அறிக்கையில் வரும் 6-7 சதவீதம், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களுக்கானது. அதையே வைத்துக்கொண்டாலும் 15.8-க்குக் கீழே இறங்க நியாயமில்லை. மிச்ச இறக்கத்துக்குக் காரணம் காரில்தான் இருக்கிறது. பழியைப் பெட்ரோல்மேல் போட்டுவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள்.

14.5 என்பது டிஸ்ப்ளே காட்டிய எண்ணா, டேங்க் நிரப்பி அளந்ததா? ஒரே பங்க், ஒரே பம்ப், பம்ப் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்தி, குறைந்தது 300 கி.மீ. ஓட்டி மறுபடி நிரப்புங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால்தான் நம்பலாம்.

அடுத்து காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி புளூடூத் ரீடர் ஒன்றை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம், அதாவது இன்ஜின் கணினி (இசியு) பெட்ரோல் அளவைக் கூட்டிய அல்லது குறைத்த சதவீதம். இ10-இலிருந்து இ20-க்கு மாறினால் இசியு 4-5 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடும், அது இயல்பு. +12, +15 என்று நின்றால் வேக்கம் லீக் (இன்ஜினுக்குள் கணக்கில் வராத காற்றுக் கசிவு), அடைத்த ஃபில்டர், பலம் குறைந்த பம்ப் என்று தேடவேண்டும். +20-ஐத் தாண்டினால் பி0171 (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை) என்ற கோடு போட்டு செக் லைட் எரிய ஆரம்பிக்கும். இரண்டாவது கூலன்ட் வெப்பநிலை. இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.

வைட்டான்_ஓரிங்
பாகங்களைப் பற்றி. எத்தனாலில் ஊறினால் சாதாரண நைட்ரைல் ரப்பர் உப்பும், பிறகு காய்ந்தால் வெடிக்கும். வைட்டான் என்ற ஃப்ளோரின் ரப்பர் தாங்கும். பெட்ரோல் ஹோஸை மடக்கிப் பாருங்கள்: மேல்தோலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, அழுத்தும்போது பிசுபிசுவென்று இருந்தாலோ மாற்றிவிடுங்கள். வாங்கும்போது மேலே ஜே30 ஆர்9 (J30R9) என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஆர்7 கார்புரேட்டர் காலத்து ஹோஸ், இன்ஜெக்‌ஷன் பிரஷருக்கு ஆகாது. கூடவே இன்ஜெக்டர் ஓ-ரிங், டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் மாட்யூலின் பெரிய சீல். பிந்தையது உப்பிவிட்டால் திறந்த மாட்யூலைத் திரும்ப உட்கார வைக்கவே முடியாது, புதுசைக் கையில் வைத்துக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள்.

எத்தனால் டேங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்துக் கொண்டுவரும். அது பம்பின் வலையிலும் ஃபில்டரிலும் போய் அடைக்கும். உங்கள் காரில் ஃபில்டரை மாற்றியதே இல்லை என்றால் முதல் செலவு அதற்குத்தான்.

பங்க்மேல் சந்தேகம் இருந்தால் 100 மி.லி. கண்ணாடி அளவு உருளையில் 10 மி.லி. தண்ணீர் (ஒரு சொட்டு நீல மை கலந்தால் கோடு பளிச்சென்று தெரியும்), 100 கோடு வரை பெட்ரோல். மூடி, மெதுவாகக் குலுக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். கீழடுக்கு 28-ஐ ஒட்டி நின்றால் இ20. வெட்டவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் ஏழு சதவீதம் கூடும். ஆனால் விலை ஒன்றரை மடங்கு.

200பார்
சிஎன்ஜி: பெட்ரோல் 100 ரூபாய், கேஸ் கிலோ 90 என்று வையுங்கள். பெட்ரோலில் 16 ஓடும் கார் கேஸில் கிலோவுக்கு 23 ஓடினால் கி.மீ.க்கு 2.30 ரூபாய் மிச்சம். கிட்டுக்கு 60,000 போட்டால் முதல் திரும்பவே 26,000 கி.மீ. ஆகும். மாதம் 500 ஓட்டுபவருக்கு நாலு வருடத்துக்கு மேல். 13 வயதை நெருங்கும் காருக்கு இது வேண்டாம் என்பேன்.

மீறிப் போடுவதென்றால் சீக்வென்ஷியல் கிட் (இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக கேஸ் விடுவது), அங்கீகாரச் சான்று, ஆர்சி புத்தகத்தில் பதிவு, இன்ஷூரன்ஸில் எண்டார்ஸ்மென்ட் நாலும் வேண்டும். 60 லிட்டர் சிலிண்டரில் நடைமுறையில் 8-9 கிலோதான் ஏறும், டிக்கி காலி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை). கேஸில் வால்வு சீட் சீக்கிரம் தேயும், டேப்பெட் (வால்வு) இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை.

மூணுபின்
அண்ணா, எலெக்ட்ரிக் என்றால் உங்கள் ஓட்டத்துக்கு சார்ஜிங் இழப்பும் சேர்த்து மாதம் சுமார் 85 யூனிட், இரண்டு மாத பில்லில் 170. வீட்டில் ஏற்கெனவே 400 ஓடினால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-200 அடுக்கின் சலுகை விலையும் போய்விடும். இதைச் சேர்க்காமல் ‘கி.மீ.க்கு ஒரு ரூபாய்’ என்று கணக்குப் போடாதீர்கள்.

3.3 கிலோவாட் சார்ஜர் ஆறு, ஏழு மணி நேரம் விடாமல் 14 ஆம்பியர் இழுக்கும். ஏசிக்குப் போட்ட பழைய 15 ஆம்பியர் சாக்கெட்டில் திருகு தளர்ந்திருந்தால் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு வந்தால் அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, நல்ல எர்த், இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள்.

ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவும் காரை ஓட்டும் மின்மோட்டார் சேர்ந்தது) ஊர் நெரிசலில்தான் பலன் தரும். கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்குச் சொல்லும் லிட்டருக்கு 27.97 கி.மீ. என்பது ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சோதனை எண். 500 கி.மீ.க்கு அந்தக் கூடுதல் விலை திரும்பாது.

ஃபுல்டேங்க்
டேங்க் கணக்கு மூன்று முறையும் 14.4-14.6. ட்ரிம் +5. பைபாஸில் கூலன்ட் 68 டிகிரி, ஊருக்குள் நின்றால் 84.

லேம்டா
ட்ரிம் சரியாக எத்தனாலுக்குரிய +5. பெட்ரோல் பக்கம் சுத்தம். காற்றுப் பட்டதும் 68-க்கு இறங்குகிறது என்றால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடுவதால் இசியு கூடுதல் பெட்ரோல் விடும், ஆயிலும் கெட்டியாகவே நிற்கும்.

கழற்றியதும் நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். நல்லதென்றால் அதன்மேல் பொறித்த டிகிரி வரை மூடியிருந்து பிறகு திறக்கும். உங்களுடையது பச்சைத் தண்ணீரிலேயே இடைவெளி காட்டும். புதுசு அதே டிகிரியில், கேஸ்கெட்டோடு வாங்குங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டலாம் என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை சுற்றும்வரை காற்றை வெளியேற்றுங்கள். பிறகு பழையபடி மூன்று டேங்க் அளந்து எண்ணை இங்கே போடுங்கள். 16-க்கு வரவில்லை என்றால் நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கி பிரேக் பிடித்து நிற்கிறதா பார்க்கலாம்.