சிகரெட் விற்கும் கடைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம் இல்லை: பெங்களூரு கடைக்காரர்கள் கவனத்துக்கு

கணக்கர், சிவாஜிநகர்:
2025 ஜூலையில் யூபிஐ வரவை வைத்து கர்நாடக வணிகவரித் துறை நோட்டீஸ் விட்டதும், பல கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'கேஷ் மட்டும்' என்று ஒட்டினார்கள். அதனால் பயனில்லை, ரொக்கமாக வந்தாலும் விற்பனை விற்பனைதான். பொருள் மட்டும் விற்றால் விற்பனை வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம், டீ, டிபன் போட்டால் 20 லட்சம். இதைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஐஸ்கிரீம், பான் மசாலா, சிகரெட் விற்கும் கடைக்கும் 20 லட்சம்தான். பால், காய்கறி மட்டும் விற்பவருக்குப் பதிவே வேண்டாம். அதே பால் கடையில் சிகரெட் பாக்கெட் ஏறினால், வரியில்லாத பால் விற்பனையும் சேர்ந்துதான் 20 லட்சம் கணக்காகும். லிட்டருக்குச் சில ரூபாய் மிஞ்சும் தொழிலுக்கு இது அநியாயமான சுமை. வரம்பைப் பார்க்கும்போதாவது பாலைக் கழிக்க வேண்டும்.

பேக்கரி கணக்கு பார்ப்பவர், அல்சூர்:
அண்ணா சொன்னது சரி. ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குள் இருப்பவர்கள் காம்போசிஷன் எடுங்கள், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய ஜிஎஸ்டி திட்டம். வாங்கி விற்பவருக்கு 1 சதவீதம், ஹோட்டலுக்கு 5. காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் சிஎம்பி-08 என்ற வரிப் படிவம் போட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. கொள்முதலில் கட்டிய வரியும் திரும்பாது. முந்தைய ஆண்டுகளுக்கு இதைப் பின்தேதியிட்டு எடுக்க வழியில்லை. அதனால்தான் நோட்டீஸில் முழு வரி, வட்டி, அபராதம் என்று தொகை எகிறுகிறது.

நோட்டீஸ் வந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பிரியுங்கள். சீட்டுப் பணம், மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்று, பால் விற்பனை எல்லாம் தனித்தனியாக நிற்க வேண்டும். பாலுக்குக் கொள்முதல் பில் இணைக்காவிட்டால் வாதம் நிற்காது. இனிமேலாவது கடைக்கென்று தனி கரன்ட் அக்கவுன்ட் வையுங்கள்.

தராசு பழுது பார்ப்பவர், கே.ஆர். மார்க்கெட்:
எல்லா விதியும் தொல்லை என்று சொல்லிவிடாதீர்கள். எலக்ட்ரானிக் தராசைச் சரிபார்த்து 12 மாதத்துக்கு ஒருமுறை அரசு எடையளவுத் துறையின் முத்திரை போட வேண்டும். தராசு ஒரு கிலோ என்று காட்டும்போது சரக்கு 50 கிராம் குறைவாக இருந்தால் வாங்குபவருக்கு 5 சதவீதம் போச்சு. நேர்மையாக நிறுப்பவர், குறைத்து நிறுப்பவரின் விலையோடு போட்டி போட முடியாமல் கடையை மூடுவார். அவரைக் காப்பாற்றுவது அந்த முத்திரைதான். பழுதுக்காக சீல் உடைத்தால் பழைய முத்திரை செல்லாது. திரும்ப முத்திரை போட்ட பிறகே கல்லாப் பக்கம் வையுங்கள். சான்றிதழைக் கடையிலேயே மாட்டுங்கள்.