எங்கள் குடும்பம் குழுவில்: லேடோ சாலை

பாபு: அலுவலக வேலையாக அசாம் வந்தேன். லேடோவில் ‘ஸ்டில்வெல் சாலை’ என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். சீனாவின் குன்மிங் வரை 1,079 மைலாம்!

பெரியப்பா: அங்கேயா இருக்கிறாய்! 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குத் தரைவழி அடைபட்டது. சரக்கெல்லாம் மலைகளைத் தாண்டி விமானத்தில்தான் போனது. அந்த டிசம்பரில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் லேடோவிலிருந்து காட்டை வெட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

கவிதா: நடுவில் மலை இருக்கிறதே, பெரியப்பா?

பெரியப்பா: பாங்சாவ் கணவாய், 3,727 அடி. ஆனால் மலையைவிட மழைதான் படுத்தியது. நெடுஞ்சாலைத் துறையில் இருந்தவன் சொல்கிறேன், சரிவை வெட்டிச் சாலை போட்டால் மேலிருந்து இறங்கும் தண்ணீருக்கு வழி விட வேண்டும். பக்க வாய்க்காலும், சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் கல்வெர்ட்டும் சரியாக இல்லையென்றால் மண் இளகி, நேற்றுப் போட்ட சாலை இன்று பள்ளத்தில் கிடக்கும். 1943 பருவமழையில் வேலை ஏறக்குறைய நின்றே போனது. அக்டோபரில் பிக் என்ற அதிகாரி வந்து இரவிலும் தீவட்டி வெளிச்சத்தில் வேலை வாங்கினார். டிசம்பர் 27-ல் பர்மாவுக்குள் இருக்கும் சிங்புவியாங் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அத்தை: வெட்டியது யார், அண்ணா?

பெரியப்பா: அமெரிக்க வீரர்கள் சுமார் 15,000 பேர். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களுக்குத் தனிப் படைப்பிரிவு, மேலே பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள். கூடவே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் உட்பட சுமார் 35,000 உள்ளூர்க்காரர்கள். மலேரியா, டைபஸ், விபத்து என்று அமெரிக்கர்களே 1,100 பேர் செத்தார்கள். சாலையின் பெயரோ அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல்லுக்கு! எனக்கு மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

அத்தை: பர்மாவிலிருந்து நடந்து வந்த நம் ஆட்கள் இந்த வழியாகவா வந்தார்கள்?

பெரியப்பா: பலர் தமு, இம்பால் வழியாக வந்தார்கள். ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக லேடோவுக்கு வந்த இந்திய அகதிகளும் உண்டம்மா. 1942 மழையில் அந்தக் காட்டில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள்.

கவிதா: சாலை முடிந்ததா?

பெரியப்பா: 1945 ஜனவரி 12-ல் 113 வண்டிகள் லேடோவிலிருந்து கிளம்பி, பிப்ரவரி 4-ல் குன்மிங் சேர்ந்தன. ஆகஸ்டில் போரே முடிந்துவிட்டது. வீண் வேலை என்பவர்கள் இருக்கிறார்கள், நான் ஒப்பமாட்டேன். சாலையை ஒட்டியே எண்ணெய்க் குழாயும் போட்டார்களே!

பாபு: ஜெய்ராம்பூரில் போர்க்காலக் கல்லறைகள் இருக்கின்றனவாம். நாளை போகட்டுமா?

பெரியப்பா: அவசியம் போ. அது அருணாசலப் பிரதேசம், உள்நுழைவு அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். இன்றைக்கே விண்ணப்பித்துவிடு.