மரத்தின் மேல் போனால் மட்டும் செயின்சா நின்றுவிடுகிறது, உதவுங்கள்

பேராவூரணி மரவேலை எழுதியது:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

என்னுடையது 50 சிசி செயின்சா, செயின் சுற்றி ஓடும் பார் 18 அங்குலம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் தென்னந்தோப்புகள் எல்லாம் சாய்ந்து கிடந்தபோது வாங்கியது. விழுந்த மரங்களை அறுத்துத்தான் இந்த வேலையைப் பழகினேன். இப்போது வீட்டோரம் நிற்கும் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கவும் கூப்பிடுகிறார்கள்.

மெஷின் தரையில் நன்றாக ஓடுகிறது. பட்டறையில் மேசைமேல் வைத்து அரைமணி நேரம் ஓட்டிக் காட்டினார்கள், ஒரு குறையும் இல்லை. மரத்தின் மேல் போய்க் கிளையை அறுத்து முடித்து ஆக்சிலேட்டரை விட்டால் சத்தம் உடனே இறங்குவதில்லை. இரண்டு மூன்று விநாடி உச்சத்திலேயே கத்திக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சட்டென்று அணைந்துவிடுகிறது. கயிற்றை இழுத்தால் இரண்டாவது இழுப்பிலேயே எடுத்துக்கொள்கிறது. இறங்கி வந்தால் பழையபடி ஒழுங்காக ஓடுகிறது.

பிளக், பெட்ரோல் பில்டர், ஏர் பில்டர், கார்புரேட்டர் டயாபிரம் எல்லாம் புதிது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலையும் மாற்றியாகிவிட்டது. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறேன். நிற்காமல் இருக்கட்டும் என்று, ஆக்சிலேட்டரை விட்ட பிறகு மெஷின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐடில் திருகைச் சற்று ஏற்றி வைத்திருக்கிறேன். அதிலிருந்து அடிக்கடி அணைவதில்லை, ஆனால் ஆக்சிலேட்டரைத் தொடாதபோதும் செயின் மெதுவாகச் சுற்றுகிறது.

அடுத்த வாரம் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. 40 அடி உயரத்தில் இரண்டு பெரிய கிளைகள் ஓட்டு வீட்டின் மேல் நீண்டிருக்கின்றன. கட்டட வேலைக்கு விற்கும் பெல்ட் ஒன்றும் ஹார்டுவேர் கடையில் வாங்கிய மஞ்சள் கயிறும் வைத்திருக்கிறேன். இவை போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

ஒரத்தநாடு தோப்புக்காரர் எழுதியது:

தம்பி, எனக்கும் இப்படித்தான் கத்தியது. பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று அர்த்தம். கார்புரேட்டரில் எச் என்று எழுதிய திருகைக் கால் சுற்றுத் திறந்துவிடுங்கள், சரியாகிவிடும். அதற்கும் கேட்காவிட்டால் புதிதாகப் போட்ட காயிலே மட்டமானதாக இருக்கலாம்.

கோவை சிறு இன்ஜின் பட்டறை எழுதியது:

தோப்புக்காரர் ஐயா சொல்வதில் பாதி சரி. உச்சத்தில் கத்திவிட்டு அணைவது பெட்ரோலை விடக் காற்று அதிகமாகப் போவதற்கான அடையாளம்தான். ஆனால் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் திருகைத் திறந்தால் நோய் அப்படியே இருக்கும், அடையாளம் மட்டும் மறைந்துபோகும். காயிலைப் பற்றிய சந்தேகத்தை விட்டுவிடலாம். கெட்டுப்போன காயில் சூடேறினால் பொறி தராது, ஆறும் வரை எத்தனை முறை இழுத்தாலும் எடுக்காது. உங்களுடையது இரண்டாவது இழுப்பிலேயே எடுக்கிறது.

பேராவூரணித் தம்பிக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐடில் திருகை இன்றே இறக்கிவிடுங்கள். கை எடுத்த பிறகும் சுற்றும் செயினோடு யாரும் மரத்தில் ஏறக் கூடாது. இந்த வகை மெஷின்கள் நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவில் ஐடில் ஓட வேண்டும். கிளட்ச் அதற்கு மேல்தான் பிடிக்கத் தொடங்கும், அதனால் செயின் அசையாமல் நிற்கும். இறக்கினால் அணைந்துவிடுகிறது என்றால், சரிசெய்யும் வரை மெஷின் தரையிலேயே இருக்கட்டும்.

மேசைமேல் ஓடுகிறது, மரத்தில் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதில்தான் விடை இருக்கிறது. பல மாடல்களில் இரு கைப்பிடிகளும் பெட்ரோல் டேங்கும் சேர்ந்து ஒரு துண்டு. இன்ஜினும் பாரும் இன்னொரு துண்டு. கைக்கு அதிர்வு ஏறாமல் இருக்க இரண்டுக்கும் நடுவே ரப்பர் திண்டுகளோ ஸ்பிரிங்குகளோ இருக்கும். கார்புரேட்டர் கைப்பிடிப் பக்கம், சிலிண்டர் இன்ஜின் பக்கம். இந்த இரண்டையும் இணைப்பது கட்டைவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய். ஏழெட்டு வருடச் சூட்டிலும் பெட்ரோலிலும் அந்த ரப்பர் காய்ந்து, மடிப்பில் வெடிப்பு விழும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது இன்னும் கெடுதல்.

மேசைமேல் வைத்து ஓட்டும்போது கைப்பிடியில் பாரம் இல்லை, வெடிப்பு மூடிக்கொள்கிறது. மரத்தில் பக்கவாட்டில் பிடித்து அழுத்தும்போது கைப்பிடி ஒரு பக்கமும் இன்ஜின் ஒரு பக்கமும் இழுக்கும். வெடிப்பு வாயைத் திறக்கும், அதன் வழியாகக் காற்று நேரே சிலிண்டருக்குள் போகும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஐடிலை இறக்கி, செயின் அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, செயின் பிரேக்கைப் போடுங்கள். பார் முனையை ஒரு மரக்கட்டைமேல் ஊன்றி, பின் கைப்பிடியை மெல்ல அழுத்துங்கள், தூக்குங்கள், இடமும் வலமுமாகத் திருகுங்கள். எந்தத் திசையிலாவது சத்தம் ஏறினாலோ அணைந்தாலோ அந்த ரப்பர் குழாய்தான். சத்தம் மாறவில்லை என்றால், கைப்பிடிக்குப் பாரம் தராமல் மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். அப்போது மட்டும் மாறினால் கிராங்க் சீல், அதாவது இன்ஜின் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்.

மெஷினைத் திறக்கும்போது செயின் பல்சக்கரத்தையும் பாருங்கள். தென்னை அறுத்த மெஷின் என்கிறீர்கள். அந்த நார் கிளட்ச் டிரம்மைச் சுற்றித் திரியாக இறுகி, பாருக்கு ஆயில் வரும் துளையை அடைத்துவிடும். என்னிடம் வந்த ஒரு மெஷினில் நாரை உருவ உருவ ஒரு கைப்பிடி அளவு வந்தது.

ஏற்காடு நிழல் கழிப்பவர் எழுதியது:

காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களுக்கு நிழல் கழிக்கும் வேலை எனக்கு. மெஷினைப் பற்றிக் கோவை நண்பர் சொல்லிவிட்டார். நான் கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். தம்பி, அந்த மஞ்சள் கயிற்றோடு ஏறாதீர்கள்.

கடையில் நைலான் கயிறு என்று சொல்லிக் கொடுக்கும் மஞ்சள் கயிறு பெரும்பாலும் நைலான் அல்ல, பாலிபுரொப்பிலீன். வெயிலில் கிடந்தால் பொடிந்துபோகும். 165 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும், நைலான் உருக 220 டிகிரியாவது வேண்டும். கயிறு கயிற்றின் மேல் உரசும் இடத்தில் சூடு எவ்வளவு ஏறும் என்பது வேகமாக இறங்கியவர்களின் உள்ளங்கைக்குத் தெரியும். உங்கள் கயிற்றில் ஓர் இழையை நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அதை ஆட்டுக்குட்டி கட்டக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டட பெல்ட்டில் முதுகில் ஒரு வளையம் இருக்கும். விழுந்தால் பிடித்துக்கொள்ளத்தான் அந்த வளையம், அதில் தொங்கிக்கொண்டு வேலை செய்ய முடியாது. நினைவிழந்து அதில் தொங்கினால் தொடை வார் இறுகி, காலுக்குப் போன இரத்தம் மேலே திரும்பாமல் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து. மரவேலைக்கு இடுப்பின் இரு பக்கமும் வளையம் உள்ள, தொடை வாரோடு உட்காரும் வகைப் பெல்ட் வேண்டும். வாங்கும்போது லேபிளில் ஈஎன் என்ற ஐரோப்பியத் தர எண்ணைப் படியுங்கள். ஈஎன் 358 என்றால் இடுப்பில் கட்டி நிலைத்து நின்று வேலை செய்வதற்கு, ஈஎன் 813 என்றால் உட்கார்ந்து தொங்குவதற்கு, ஈஎன் 361 என்றால் விழுந்தால் பிடிப்பதற்கு. மூன்றும் ஒன்றல்ல.

மெஷினை முடுக்கும்போது உடம்பு இரண்டு தனித்தனி இடங்களில் கட்டியிருக்க வேண்டும். ஒன்று மேலே கவையில் போட்ட ஏறுகயிறு, 12 அல்லது 13 மில்லிமீட்டர். இன்னொன்று மரத்தைச் சுற்றி இடுப்பு வளையத்தில் மாட்டும் குறுங்கயிறு. இந்தக் குறுங்கயிறு உள்ளே எஃகு வடம் வைத்ததாக இருந்தால் நல்லது. எஃகும் செயினுக்கு முன் நிற்காதுதான், ஆனால் நூல் கயிறு ஒரு தொடுதலில் போய்விடும். எஃகு, கையை இழுத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரமாவது தரும்.

மெஷினை இடுப்பில் கட்டி ஏற வேண்டாம். நீங்கள் போய்க் கட்டி உட்கார்ந்த பிறகு தனிக் கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். மேலே முடுக்கும்போது செயின் பிரேக் போட்டிருக்கட்டும். ஒற்றைக் கையால் அறுக்காதீர்கள். பார் முனையின் மேற்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும், ஒற்றைக் கை அதைத் தாங்காது. வீட்டுக்கு வரும் மின்கம்பி பக்கத்தில் இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் ஏற வேண்டும்.

பேராவூரணி மரவேலை எழுதியது:

இருவருக்கும் நன்றி. கோவை அண்ணன் சொன்னபடி செய்தேன். பின் கைப்பிடியை அழுத்தியபோது ஒன்றும் இல்லை. தூக்கியதும் சத்தம் ஏறி, அப்படியே அணைந்துவிட்டது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே.

குழாயைக் கழற்றினேன். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல ரப்பர். விரலால் வளைத்தபோது அடிப்பக்கத்து மடிப்பில் அரை அங்குல நீளத்துக்கு வாய் திறந்தது. விரலை எடுத்தால் மூடிக்கொள்கிறது, கோடுகூடத் தெரியவில்லை. புதிய குழாய்க்குச் சொல்லியிருக்கிறேன். பல்சக்கரத்துக்குப் பின்னால் நார் இருந்தது, ஆயில் துளை பாதி அடைத்திருந்தது.

மஞ்சள் கயிற்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். தூள் வந்தது. இரண்டு வருடம் அதில் தொங்கியிருக்கிறேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஒரு கேள்வி. எங்கள் ஊரில் தென்னை ஏறுபவர்கள் காலில் தளைக்கயிறு மட்டும் போட்டு ஏறுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. எனக்கு மட்டும் இரண்டு கயிறு எதற்கு என்று கூட வேலை செய்பவர் கேட்கிறார். என்ன சொல்வது?

உடன்குடி பனையேறி மகன் எழுதியது:

ஒன்றும் ஆவதில்லை என்று சொல்லாதீர்கள். பனையிலிருந்து விழுந்தவர் இல்லாத தெரு எங்கள் ஊரில் இல்லை. என் அப்பா 30 வருடம் தளைநாரும் முருக்குத்தடியுமாக ஏறியவர். ஒவ்வொரு நாளும் ஏறுவதற்கு முன் தளைநாரைக் கையில் முறுக்கி, காதருகே வைத்துக் கேட்பார். காய்ந்த நாரென்றால் நறநற என்று சத்தம் வரும். வந்தால் அன்று அந்த நாரோடு ஏற மாட்டார்.

உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: பனையேறியின் கையில் இருப்பது பாளை அரிவாள். வேலை இல்லாத நேரம் அது இடுப்புப் பெட்டியில் உறங்கும், அவர் கை அசைந்தால்தான் அதுவும் அசையும். மரமும் ஒரே நேரான தண்டு, கிளை எகிறி வந்து அடிக்காது. உங்கள் கையில் இருப்பது தானாக ஓடும் பல். அது கயிற்றைத் தொட்டால் போதும். அரிவாளுக்கு ஏற்ற முறையைச் செயினுக்கு வைத்துக்கொள்ள முடியாது.

கோவை சிறு இன்ஜின் பட்டறை எழுதியது:

தம்பி, குழாய் வந்ததும் மாட்டிவிடாதீர்கள். காற்று அதிகமாகப் போன மெஷினில் பெட்ரோலோடு ஆயிலும் குறைந்துதான் போயிருக்கும். சைலன்சரைக் கழற்றி, ஸ்டார்டர் கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டனை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சைலன்சர் பக்கத்து முகத்தில் மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்ற வேண்டும். தட்டாத மெல்லிய கோடு என்றால் ஓட்டலாம்.

பிறகு எல்லாவற்றையும் பூட்டி, ஸ்டார்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டுத் தயங்கி இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்கிறது. சரசரவென்று இறங்கினால் இல்லை.

குழாய் மாட்டிய பிறகு கார்புரேட்டரை மறுபடி டியூன் செய்ய வேண்டும், மறக்காதீர்கள். பத்து நிமிடம் அறுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் முனை காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளை என்றால் இன்னும் காற்று அதிகம்.

பேராவூரணி மரவேலை எழுதியது:

முடிந்தது. பிஸ்டனில் இரண்டு மெல்லிய கோடுகள், நகம் தட்டவில்லை. தொங்கவிட்டபோது நான்கு இடத்தில் நின்று நின்று இறங்கியது. புதிய குழாய் போட்டு, ஐடிலை இறக்கி, டியூன் செய்தாயிற்று. கைப்பிடியை எப்படித் திருகினாலும் சத்தம் மாறவில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் செயின் அந்த இடத்திலேயே நிற்கிறது. பிளக் காப்பி நிறம்.

இடுப்பு வளையப் பெல்ட்டும் எஃகு வடக் குறுங்கயிறும் 45 மீட்டர் ஏறுகயிறும் வாங்கிவிட்டேன். இந்த மாத வருமானத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. முதல் இரண்டு நாள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தில் பத்தடி உயரத்தில், மெஷின் இல்லாமல், கட்டி அவிழ்த்துப் பழகினேன். தூங்குமூஞ்சியில் வடக்குப் பக்கத்துக் கிளையை நேற்று ஆறு துண்டாகக் கழித்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்கினோம். ஓட்டில் ஒரு சில்லுகூட உடையவில்லை. மெஷின் ஒரு முறையும் தானாக அணையவில்லை. இரண்டாவது கயிற்றைக் கிண்டல் செய்த அதே நண்பர்தான் கீழே நின்று அதைப் பார்த்துக்கொண்டார். தெற்குக் கிளைக்கு நாளை அவர் ஏறுகிறார், என் பெல்ட்டைக் கேட்டிருக்கிறார்.