மலை ஏறப் போன ஆக்கள், வழியிலை சந்திச்சதுகளை இதிலை எழுதுங்கோ

கொக்குவில் அண்ணை:

நானே தொடங்கி வைக்கிறன். பிதுரங்கல. சிகிரியாக் குன்றுக்கு வடக்கை, ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி நிக்கிற பாறை. சிகிரியாவிலை ஏறினால் சிகிரியாவைத் தவிர எல்லாம் தெரியும். பிதுரங்கலவிலை ஏறினால் அந்த 180 மீற்றர்க் கல் முழுசா உங்களுக்கு முன்னாலை நிக்கும். ரிக்கற் காசும் சிகிரியாவோடை ஒப்பிட்டால் சில்லறைதான்.

எல்லாரும் சூரிய உதயம் பாக்கத்தான் அங்கை போறவை. யாழ்ப்பாணத்திலை இருந்து அதுக்குப் போய்ச் சேரவேணுமெண்டால் சாமத்திலையே வெளிக்கிட வேணும். எனக்கு அந்த விசர் இல்லை. விடியப்புறம் ரெண்டரைக்கு வானிலை ஏறி, ஏ9 வீதியாலை வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை தாண்டி, மரதன்கடவலப் பக்கம் ஒரு மரத்துக்குக் கீழை புட்டுப் பாசலை அவிட்டுச் சாப்பிட்டுப்போட்டு, ஆறுதலாத்தான் போய் இறங்கினது. மனிசி, பிள்ளையள், மருமோன், மாமி. மாமிக்கு அறுபது தாண்டீட்டுது. கீழை வானுக்குள்ளை இருங்கோ எண்டு சொல்லிப் பாத்தம். “பின்னை என்னத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?” எண்டா.

அடிவாரத்திலை விகாரை. முழங்கால் தெரியிற உடுப்போடை விடமாட்டினம். கட்டைக் காற்சட்டையோடை வந்த மருமோன் பூப்போட்ட துணியொண்டைச் சுத்திக்கொண்டுதான் ஏறினவன். முதல் பாதி காட்டுக்குள்ளாலை கல்லுப்படி, வேர், நிழல், பயப்பிட ஒண்டுமில்லை. மேலை ஒரு பாறைத் தாழ்வாரத்துக்குக் கீழை செங்கல்லாலை கட்டின பெரிய புத்தர் படுத்திருக்கிறார். புதையல் தேடினவங்கள் உடைச்சுப்போட்டுப் போனதைத் திருத்திக் கட்டியிருக்கினம், பாத்தால் எது பழசு எது புதுசு எண்டு விளங்கும்.

கதை அதுக்குப் பிறகுதான். புத்தரைத் தாண்டினால் படி இல்லை. அம்புக்குறி மட்டும் கிடக்கு. வீட்டளவு கல்லுகள், அதுகளுக்கு இடையாலை புகுந்து போய்க் கடைசியா ஒரு ஆள் மட்டும் நுழையிற இடுக்கு. ஏறுறவைக்கும் இறங்கிறவைக்கும் அந்த ஒரு வழிதான். உதயம் பாத்த கூட்டம் இறங்க, நாங்கள் கீழை போய் நிக்கிறம். மேலை இருபது பேர், கீழை இருபது பேர். கல்லுக்கு மேலை ஊர்ப் பெடியன் ஒருத்தன் குந்தியிருந்து, மூண்டு பேரை இறக்கி மூண்டு பேரை ஏத்தி வழி விட்டுக்கொண்டிருக்கிறான். கூலிக்கு நிக்கிறவன் இல்லை, தன்ரை சிநேகிதரோடை வந்தவனாம்.

மாமியின்ரை முறை வந்தது. “அம்மே, வம் அத” எண்டு சிங்களத்திலை இடக்கையைக் கேக்கிறான். மாமி, “பொறு தம்பி, செருப்பைக் கழட்டுறன்” எண்டு தமிழிலை சொல்லுறா. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் சொன்னது மற்றவருக்கு விளங்கேல்லை, ஆனால் ரெண்டு இழுவையிலை மாமி மேலை.

மேலை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கல்லிலை ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. ஏறி வந்திட்டுது, இறங்கக் கால் வரேல்லை. கீழை பாத்துப் பாத்து நடுங்குது. மாமி அதின்ரை தோளைப் பிடிச்சுத் திருப்பி, “கிணத்துக்குள்ளை இறங்கிற மாதிரி இறங்கு பிள்ளை, முகத்தைக் கல்லுப் பக்கம் வை” எண்டு தானே குனிஞ்சு காட்டினா. பிள்ளை பின்பக்கமாக் காலை விட்டுது. கீழை நிண்ட மருமோன் பாதத்தைப் பிடிச்சுக் குழியிலை வைச்சுவிட்டான். ஒரு நிமிசம் கூடச் செல்லேல்லை. உண்மையிலை கல்லு இறங்கிறதுக்கு உதுதான் சரியான முறை. வெளியைப் பாத்துக்கொண்டு இறங்கினால்தான் கால் வழுக்கும், தலை சுத்தும்.

உச்சி மொட்டைப் பாறை. வேலி, கம்பி ஒண்டுமில்லை, சின்னப் பிள்ளையளை விளிம்புக்கு விடாதேங்கோ. சிகிரியாவின்ரை சிங்கப் பாத வாசல் இருக்கிறது வடக்குப் பக்கம், அதாலை அதுக்கு மேலை இரும்புப் படியிலை ஏறுற ஆக்களின்ரை வரிசை இஞ்சையிருந்து ஊருறது தெரியும். அஞ்சாம் நூற்றாண்டிலை காசியப்பன் எண்ட அரசன் மாளிகை கட்டின உச்சியை நேருக்கு நேர் பாக்கலாம். வடமேற்கிலை றிட்டிகல மலை. மிச்சமெல்லாம் காடு.

ஒண்டு சொல்லவேணும். எங்கடை ஊர்ச் சுண்ணாம்புக் கல்லுப் போலை இது காலைக் குத்தாது, காஞ்சு கிடந்தால் நல்லாப் பிடிக்கும். ஆனால் மழைத்தண்ணி வழிஞ்ச கறுப்புக் கோடுகள் இருக்கும், அதிலை மட்டும் காலை வைக்காதேங்கோ.

நெல்லியடிப் பிள்ளை:

உங்கடை மாமிக்கு என்ரை வணக்கம். நான் அம்மாவோடை மிகிந்தலை போனனான். மொத்தம் 1840 படி எண்டு சொல்லுவினம், ரெண்டு பக்கமும் கோயில்பூ மரங்கள். மேலை ஆராதனாகல எண்டு தனிக் கல்லு, பாறையிலை வெட்டின ஒடுங்கின படி, பிடிக்க இரும்புக் கம்பி. செருப்பு, சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் ஏறவேணும். மத்தியானம் போனால் கால் வெந்து போகும், காலுக்குச் சொக்ஸ் போட்டுக்கொண்டு போங்கோ.

காத்து எண்டால் அப்பிடியொரு காத்து. அம்மா பாதியிலை கம்பியைப் பிடிச்சபடி நிண்டிட்டா. பின்னாலை குடும்பத்தோடை வந்த ஒருத்தர் “பயம் வேணாம் அம்மா, மெதுவா” எண்டு தமிழிலை சொன்னார். எங்கை தமிழ் பழகினது எண்டு நான் கேட்டன். பெரிய படைமுகாம் இருக்கிற பலாலியிலை கனகாலம் இருந்தவராம். என்னவா இருந்தவர் எண்டு கேக்கத் தேவையில்லை. நல்லூர்த் திருவிழா இப்பவும் அப்பிடியே நடக்குதோ எண்டு கேட்டார், ஓம் எண்டன். அம்மா வாயே திறக்கேல்லை. உச்சியிலை நிண்டு அநுராதபுரத்துத் தாதுகோபங்கள் வெள்ளை வெள்ளையாத் தெரியிறதைப் பாத்துக்கொண்டிருந்தா. இறங்கின பிறகு அந்த மனிசன்ரை சின்ன மகள் தண்ணிக்கு அழ, தன்ரை போத்தலை எடுத்துக் குடுத்தா. வானிலை வரேக்கை அதைப் பற்றி நானும் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை.

பருத்தித்துறை:

நாங்கள் சந்திச்சது குரங்கை மட்டும்தான். ஊரிலையிருந்து ஒரு பை தட்டைவடை கட்டிக்கொண்டு போய், சிகிரியா வாசலிலை வைச்சே முழுப் பையும் குரங்கிட்டைப் போயிட்டுது. மரத்திலை இருந்து ஒவ்வொண்டா எடுத்துக் கடிச்சுக்கொண்டு எங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தது. பொலித்தீன் பையைக் கையிலை தூக்கிக்கொண்டு போகாதேங்கோ. சத்தம் கேட்டாலே வரும். புழுக்கொடியலைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை போட்டுக்கொண்டு போனது தப்பிச்சுது, பசிக்கும் அது காணும்.

சுன்னாகம்:

சிகிரியாவிலை குரங்கை விடக் குளவிக்குத்தான் பயப்பிடவேணும். சத்தம் போடாதேங்கோ எண்டு பலகை போட்டிருக்கிறதை ஆரும் வாசிக்கிறேல்லை. சிங்கப் பாதத்துக்குக் கிட்ட நிக்கேக்கை மேலை பாறைத் தாழ்வாரத்திலை கறுப்பாத் தொங்கினதைக் காவலாளி கையைக் காட்டித்தான் நான் கண்டது. கிட்ட நிண்ட பள்ளிக்கூடப் பிள்ளையள் கூக்காட்டிக்கொண்டு வர, அவர் வாயிலை விரலை வைச்சு எல்லாரையும் அப்பிடியே குந்த வைச்சார். நூறு பிள்ளையள் மூச்சு விடாமல் இருந்ததை நான் வேறை எங்கையும் காணேல்லை. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போறதையும் விடுங்கோ.

றிட்டிகல போக நினைக்கிற ஆக்களுக்கு: 766 மீற்றர் எண்டு கேட்டு ஆசைப்படாதேங்கோ. அது இறுக்கமான இயற்கை ஒதுக்கு, பழைய மடாலய இடிபாடுகள் வரைக்கும்தான் விடுவினம், உச்சிக்கு விடமாட்டினம்.

மானிப்பாய்:

அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். மலை பாக்கவேணும் எண்டு நிக்கிறார். பிதுரங்கல ஏத்தலாமோ?

நெல்லியடிப் பிள்ளை:

படுத்திருக்கிற புத்தர் வரைக்கும் ஆறுதலா ஏறுவார். அந்த இடுக்கு அவருக்குச் சரிவராது, ஏறினாலும் இறங்கேக்கை முழங்கால் விடாது. மிகிந்தலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. வாகனம் கனதூரம் மேலை போகும், மிச்சப் படி கொஞ்சம்தான். ஆராதனாகலவிலை ஏறாமல் அடியிலை இருந்தாலும் அதே காத்துத்தான். யூன் மாதப் பௌர்ணமியிலை வாற பொசன் போயாவுக்கு மட்டும் போகாதேங்கோ, வாகனம் நிப்பாட்டிற இடத்திலையே பொழுது போயிடும்.