ஃப்ரீசரில் வைத்த கானாங்கெளுத்தி, சாளை மட்டும் சிக்கு வாடை அடிக்குது, ஏன்?

முத்துநகர்:
எங்க வீடு தூத்துக்குடியில. தம்பி விசைப்படகுல தொழில் பாக்குறான். ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி அவன் கொண்டு வந்த மீனை ஆய்ஞ்சு, உப்பு மஞ்சள் தடவி, கேரி பையில கட்டி ஃப்ரீசர்ல வச்சேன். விளைமீனும் பாறையும் இன்னும் நல்லா இருக்கு. கானாங்கெளுத்தியும் சாளையும் வயித்துப் பக்கம் பழுப்பேறி, பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை. புளி தூக்கலா ஊத்தியும் போகல. ஃப்ரீசர் கோளாறா?

கடலோரம்:
ஃப்ரீசர் கோளாறுன்னா பாறையும் கெட்டிருக்கும்மா. சாளை, கானாங்கெளுத்தி ரெண்டுலயும் கொழுப்பு அதிகம். மைனஸ் 18 டிகிரியிலயும் அந்தக் கொழுப்பு காத்துப் பட்டா மெதுவா சிக்கேறும். உப்பு அதை இன்னும் வேகப்படுத்தும். அதனால ஃப்ரீசருக்குப் போற மீன்ல உப்பு வேண்டாம், சமைக்கும்போது போட்டுக்கலாம்.

காத்தைத் தடுக்கத் தண்ணியே போதும். தலை, செவுள், குடல் எடுத்து, நடுமுள்ளை ஒட்டின ரத்தத்தை நகத்தால சுரண்டிடுங்க. ஒரு வேளைக்கு வேண்டியதை டப்பாவுல அடுக்கி, மீன் முழுசா முங்குற அளவு குளிர்ந்த தண்ணி ஊத்தி உறைய விடுங்க. ஒரு வால்கூட வெளிய நீட்டக் கூடாது. பெரிய துண்டா இருந்தா, தட்டுல பரப்பி உறைய வச்சு, ஐஸ் தண்ணியில முக்கி எடுத்து திரும்ப வைங்க. கண்ணாடி மாதிரி ஒரு படலம் பிடிக்கும். இன்னொரு தடவையும் அப்படியே முக்கிட்டுப் பையில இறுக்கிச் சுத்துங்க.

இவ்வளவு செஞ்சாலும் சாளையை ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தீத்துடணும். பாறை, விளைமீன் ஆறு மாசம் வரை தாங்கும்.

உப்புக்காத்து:
அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். படகுல இருந்து வீடு வர்ற வரைக்கும் மீன் ஐஸ்ல இருந்துச்சா? சாளை, கானாங்கெளுத்தி, சூரை எல்லாம் சூட்டுல கிடந்தா ஹிஸ்டமின்னு ஒரு நச்சுப் பொருள் சேரும். கொதிக்க வச்சாலும் உறைய வச்சாலும் அது போகாது. முகம் சிவந்து, உடம்பு தடிச்சு, தலை வலிக்கும். சில சமயம் வாடையே இருக்காது. வாயில வச்சதும் மிளகு மாதிரி சுருக்குன்னா துப்பிடுங்க. குழந்தைங்க சாப்பிடுற வீட்டுல இதுல கொஞ்சம்கூட அசட்டையா இருக்கக் கூடாது.

முத்துநகர்:
ஐஸ் பெட்டியிலதான் வந்துச்சு அண்ணே. பாறை வாடை இல்லாட்டியும் வெளிய எடுத்தா தண்ணியா விட்டு, சதை சக்கையா இருக்கு. அது ஏன்?

கடலோரம்:
மொத்தமா ஒரே பொதியா வச்சிருப்பீங்க. மெதுவா உறையும்போது ஐஸ் கட்டி பெருசாகி சதையைக் கிழிச்சிடும். அடுத்த தடவை தட்டையா, விரல் கனத்துக்குக் கட்டி, ஃப்ரீசர் தரையை ஒட்டி வைங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல திணிக்காதீங்க. எடுக்குறப்போ முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல இறக்கிடுங்க, வெளிய மேடையில வைக்க வேண்டாம். சிக்கேறின சாளையைக் கொட்டிடுங்க, வறுத்தாலும் அது சரியாகாது.